கேமில் படம் உடைகிறதா? "கார்டு போச்சு" என்று முடிவு கட்டுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

கேம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள் தெறிக்கும், ஓடுகிற ஆளின் தோள் முக்கோணமாக இழுபட்டு வானம் வரை நீளும், நிழல் விழ வேண்டிய இடத்தில் பச்சையும் ஊதாவும் மினுக்கும், அப்புறம் திரை கறுத்து டெஸ்க்டாப்பில் வந்து நிற்கும். பக்கத்தில் இருக்கிற யாராவது உடனே "கார்டு போச்சுடா" என்று சொல்லிவிடுவார்கள். கிராபிக்ஸ் கார்டு, அதாவது கம்ப்யூட்டரில் படத்தை உருவாக்கும் பகுதி, போயிருக்கலாம்தான். ஆனால் இதே கோலத்தைக் கேபிளும் காட்டும், டிரைவரும் (விண்டோஸையும் கார்டையும் இணைக்கும் மென்பொருள்) காட்டும், சூடும் காட்டும், மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸும் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் தரும் பெட்டி) காட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கிற நமக்கு கார்டு மாற்றுவது என்றால் பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போக வேண்டும், இல்லை சேலத்தில் தேட வேண்டும், இல்லை ஆன்லைனில் வரவழைக்க வேண்டும். ஒரு நடுத்தரமான கார்டுக்குப் பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளமே போய்விடும். அவ்வளவு காசைக் கொட்டிப் புதுக் கார்டு போட்ட பிறகும் அதே கட்டங்கள் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் வரிசைதான் முக்கியம். காசு செலவாகாத சோதனைகள் முதலில், ஸ்க்ரூடிரைவர் எடுப்பது அப்புறம், பர்ஸைத் திறப்பது கடைசியில்.

முதலில், எது கோளாறே இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கேமராவை வேகமாகத் திருப்பும்போது படம் குறுக்காக வெட்டுப்பட்டு மேல் பாதி ஒரு பக்கமும் கீழ்ப் பாதி ஒரு பக்கமும் நகர்ந்தால் அது டியரிங், கேம் செட்டிங்ஸில் வீசிங்க் போட்டால் போய்விடும். தூரத்துச் சுவரில் இரண்டு பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று சண்டை போடுவதுபோல மினுக்கினால், அதுவும் எப்போதும் அதே இடத்தில் என்றால், கேமை வடிவமைத்தவர்கள் விட்ட குறை. 4 ஜிபி கார்டில் டெக்ஸ்சரை (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களை) அல்ட்ராவில் வைத்து ஆடும்போது கட்டடங்கள் களிமண் பூசியதுபோல மழுங்கித் தெரிந்து கொஞ்ச நேரம் கழித்துத் தெளிவாவது வீடியோ மெமரி போதாததால் வருவது. இவை எதற்கும் கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: ஒழுங்கான இடைவெளியில் வரிசையாக நிற்கும் புள்ளிகள் அல்லது கட்டங்கள், எந்தக் கேமிலும் தலைகாட்டும் இழுபட்ட முக்கோணங்கள், டெஸ்க்டாப்பில்கூடத் தெரிகிற வண்ணக் கோடுகள், பயாஸ் திரையிலேயே (விண்டோஸ் ஏறும் முன் வரும் செட்டிங்ஸ் திரை) எழுத்துகள் சிதைந்து வருவது.

இப்போது செலவே இல்லாத, ஆனால் பலரும் செய்யாத சோதனை. படம் உடைந்து தெரியும் அந்த நேரத்தில் பிரின்ட் ஸ்க்ரீன் அடித்து ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், கூடவே ஃபோனிலும் திரையை ஒரு போட்டோ எடுங்கள். பிறகு அந்த ஸ்க்ரீன்ஷாட்டை உங்கள் ஃபோனுக்கு அனுப்பி அங்கே திறந்து பாருங்கள். ஸ்க்ரீன்ஷாட்டிலும் அதே கட்டங்கள் இருந்தால் படம் கார்டின் மெமரியில் உருவாகும்போதே கெட்டிருக்கிறது, அதாவது காரணம் கார்டிலோ டிரைவரிலோ கேமிலோ இருக்கிறது. ஸ்க்ரீன்ஷாட் சுத்தமாக இருந்து ஃபோனில் எடுத்த போட்டோவில் மட்டும் கோளாறு தெரிந்தால், படம் சரியாக உருவாகி, வெளியே வரும் வழியில் கெடுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கேபிள், மானிட்டர், அல்லது கார்டின் அந்த ஒரு போர்ட். ஹெச்டிஎம்ஐ கேபிள் தளர்ந்தாலோ, அதிக ரெஃப்ரெஷ் ரேட்டுக்குத் தாங்காத மலிவுக் கேபிளாக இருந்தாலோ, வெள்ளையும் பச்சையுமாகப் பொரி தெறிப்பதுபோல புள்ளிகள் வரும், இடையிடையே திரை கறுத்துக் கறுத்து வரும். கேபிளை மாற்றுங்கள், வேறு போர்ட்டில் போடுங்கள், 144 ஹெர்ட்ஸில் இருப்பதை 60க்கு இறக்கிப் பாருங்கள், முடிந்தால் வீட்டு டிவியில் செருகிப் பாருங்கள். இதிலேயே தீர்ந்துவிட்டால் மீதியைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து, கம்ப்யூட்டரை ஆன் செய்து பயாஸுக்குள் போய்ச் சும்மா ஐந்து நிமிடம் பாருங்கள். அங்கே விண்டோஸ் கிடையாது, டிரைவர் கிடையாது, கேம் கிடையாது. அந்த இடத்திலேயே கோடும் கட்டமும் வந்து, கேபிளும் மானிட்டரும் சரி என்று ஏற்கெனவே பார்த்திருந்தால், சாஃப்ட்வேர் பக்கம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நேராக சூடு, கரன்ட் பகுதிகளுக்குப் போய்விடுங்கள்.

ஒரு கேமிலா, எல்லாக் கேமிலுமா

ஒரே ஒரு கேமில் மட்டும் படம் உடைந்தால் அந்தக் கேமைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஸ்டீமில் கேம் பெயர் மேல் ரைட் க்ளிக் செய்து, பிராப்பர்ட்டீஸுக்குள் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, அதை ஓட்டுங்கள். டவுன்லோட் நடுவே கரன்ட் போன வீட்டில் கோப்பு கெட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஷேடர் கேஷை (வரைகலைக்காகச் சேமித்து வைக்கும் தற்காலிகக் கோப்புகளை) அழியுங்கள். விண்டோஸின் டிஸ்க் க்ளீனப்பில் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ் என்று தனியாக ஒரு வரி இருக்கும். புதுக் கேம் வெளியான முதல் வாரங்களில் இந்த மாதிரி சிதைவுகள் சகஜம், பேட்ச் வரும்வரை காத்திருக்கலாம்.

பல கேம்களில் வந்தால் டிரைவர். புது டிரைவரைப் பழையதன் மேலேயே போட்டுவிட்டு "டிரைவர் மாத்தியாச்சு, சரியாகல" என்று சொல்வது செல்லாது. டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, டிடியூ என்பார்கள். சரியான டிரைவர் ஃபைலை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நெட்டைத் துண்டியுங்கள் (இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் இடையில் புகுந்து தானாக ஒரு டிரைவரைப் போட்டுவிடும்), சேஃப் மோடில் டிடியூவை ஓட்டிப் பழையதை அடியோடு துடைத்துவிட்டு, மறுபடி சாதாரணமாக ஏறி வந்து புதியதைப் போடுங்கள். சமீபத்தில் டிரைவர் அப்டேட் செய்த பிறகுதான் பிரச்சினை ஆரம்பித்தது என்றால், அதற்கு முந்தைய பதிப்பைப் போடுங்கள். நம் பக்கம் இன்னும் பழைய கார்டுகள் நிறைய ஓடுகின்றன. என்விடியா ஜிடி 710 போன்ற கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை 2021லேயே நிறுத்திவிட்டது, ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ, 1060 வரிசைகளுக்கும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அந்தக் கார்டில் இன்றைய கேம் ஒன்று மட்டும் தாறுமாறாகத் தெரிந்து, பழைய கேம்கள் எல்லாம் சுத்தமாக ஓடினால், கார்டுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். செத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியைப் பார்ப்பதும் உதவும். டிஸ்ப்ளே என்ற பெயரில் 4101 எண் வந்திருந்தால், கார்டு குறித்த நேரத்துக்குள் பதில் தரவில்லை, விண்டோஸ் டிரைவரை மீட்டு எழுப்பியிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் 2 நொடி. ரெஜிஸ்ட்ரியில் இந்த நேரத்தை 8, 10 என்று கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். கார்டு ஏன் பதில் தரவில்லை என்பதை அது தொடவே தொடாது, வேண்டாம்.

இன்னொரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் பலர் தேவையில்லாமல் கார்டு மாற்றியிருக்கிறார்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் பெரிய ப்ராசஸர்களில், ஐ9, ஐ7 மாதிரி, வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறி சிப்பே நிரந்தரமாகப் பலவீனமாகும் சிக்கல் இருந்தது. அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்களைத் திறக்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று பிழை வந்து மூடிக்கொள்ளும். செய்தி கார்டைக் காட்டும், குற்றவாளி ப்ராசஸர். இன்டெல் 2024 ஆகஸ்டில் 0-எக்ஸ்-129 என்ற மைக்ரோகோடை (ப்ராசஸரின் உள் நிரலுக்கான திருத்தத்தை) வெளியிட்டது, வாரன்ட்டியையும் 2 வருடம் நீட்டியது. உங்களிடம் அந்த ப்ராசஸர் இருந்தால் முதல் வேலையாக மதர்போர்டு பயாஸை அப்டேட் செய்யுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்த அப்டேட் குணப்படுத்தாது, வாரன்ட்டியில்தான் மாற்ற வேண்டும். ராமையும் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். எக்ஸ்எம்பி (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பயாஸ் வசதி) போட்டு ஓட்டுகிறீர்கள் என்றால் அதை அணைத்துவிட்டுக் கேமை ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

சூடும் தூசியும்

நம் ஊருக்கு இதுதான் பெரிய பகுதி. தர்மபுரியில் ஏப்ரல், மே மாதத்து மதியம் வெளியே 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, சிமென்ட் ஷீட் போட்ட மாடி அறையில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி கார்டும் ஏறும். டிசம்பரில் 72ல் நிம்மதியாக ஓடிய கார்டு மே மாதம் 85க்குப் போவது கார்டின் குற்றம் இல்லை. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதே கார்டு, அதே கேபினட், ஓசூரில் சுத்தமாக ஓடி அரூரில் கட்டம் கட்டமாகக் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் அல்லது ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, கேம் ஆடிக்கொண்டே மூன்று எண்களைக் கவனியுங்கள்: கோர் (முக்கியச் சிப்) சூடு, ஹாட் ஸ்பாட் (அந்தச் சிப்பிலேயே மிகச் சூடான இடம்) சூடு, மெமரி சூடு (எல்லாக் கார்டும் மூன்றையும் காட்டாது). கோர் 80களின் தொடக்கத்தில் இருப்பது பல கார்டுகளுக்கு இயல்புதான். கோருக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் இடையில் 10 முதல் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 30ஐத் தாண்டினால் தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்துவிட்டது, அல்லது ஹீட்ஸிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளில் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அந்த எண்ணைத் தொட விடாதீர்கள். மிக எளிய சோதனை: கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி, வீட்டு டேபிள் ஃபேனை நேராகக் கார்டை நோக்கி வைத்து ஆடுங்கள். கட்டங்கள் நின்றுவிட்டால், அல்லது பத்து நிமிடத்தில் வந்தது ஒரு மணி நேரம் கழித்து வந்தால், சூடுதான் எதிரி. கார்டு இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில்தான் இருக்கிறது.

அப்புறம் தூசி. பர்கூர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டத்தில் கல் குவாரிக்கும் கிரானைட் பட்டறைக்கும் பக்கத்தில் வீடு இருந்தால், அந்த வெள்ளைப் பொடி ஹீட்ஸிங்க் இதழ்களுக்குள் போய் அடைத்துக்கொள்ளும், ஃபேன் பேரிங்கையும் அரைத்துவிடும். தேசிய நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் கறுப்புத் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு வரும், ஊதினால் போகாது, பிரஷ் போட்டுத் தள்ள வேண்டும். சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்று வேகத்தில் ஃபேன் கட்டுப்பாடில்லாமல் சுற்றினால் பேரிங் போகும். கையடக்க எலெக்ட்ரிக் ப்ளோயர் போதும். பஞ்சர் கடை கம்ப்ரசருக்கு எடுத்துப்போகாதீர்கள், அந்தக் காற்றோடு டாங்கில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும், நேராக போர்டின் மேல் அடிக்கும். பின்பக்கம் மூடாமல் விட்ட ஸ்லாட் ஓட்டைகள் வழியாகப் பல்லியும் கரப்பானும் உள்ளே போவது நம் வீடுகளில் நடக்கிற விஷயம். அந்தத் தகட்டு மூடிகளைத் தூக்கி எறியாமல் போட்டு வையுங்கள்.

கார்டைக் கழற்றிய கையோடு, ஸ்லாட்டில் செருகும் தங்க நிறப் பற்களை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, "டக்" என்று பூட்டு விழும்வரை அழுத்தி மறுபடி செருகுங்கள். கனமான கார்டுகள் ஒரு பக்கமாகத் தொங்கும், காலப்போக்கில் தொடுப்பு சரியாக இல்லாமல் போகும். அடியில் ஒரு சின்ன முட்டுக் கொடுக்கலாம். ரைசர் கேபிள் (கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) வைத்துச் செங்குத்தாக மாட்டியிருந்தால், அந்தக் கேபிளை எடுத்துவிட்டு நேராக போர்டில் போட்டுச் சோதிக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பேஸ்ட் மாற்றுவது வாரன்ட்டி முடிந்த கார்டுக்கு மட்டும். ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைக் கிழித்ததும் பல இடங்களில் வாரன்ட்டி தர மறுப்பார்கள். திறப்பதாக இருந்தால், மெமரி சிப்புகள் மேல் இருக்கும் தெர்மல் பேடின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 2 மில்லிமீட்டர் வைத்தால் ஹீட்ஸிங்க் கோரைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், 0.5 வைத்தால் மெமரிக்குக் குளிர்ச்சியே போகாது. நன்றாக இருந்த கார்டு பேஸ்ட் மாற்றிய மறுநாள் கட்டம் காட்ட ஆரம்பித்தால், பேடின் தடிமனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, கோரைச் சுற்றியுள்ள நான்கு ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கரன்ட்

கார்டுக்கு ஸ்லாட் வழியாக வருவது 75 வாட் வரை. 6 பின் கனெக்டர் இன்னொரு 75, 8 பின் கனெக்டர் 150. ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட் வேண்டும். இதை 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டுவிட்டு, டெஸ்க்டாப்பில் நன்றாக இருக்கிறதே, கேமில் மட்டும் ஏன் என்று கேட்கிறார்கள். அந்தப் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12 வோல்ட், 16 ஆம்பியர் என்றால் வெறும் 192 வாட்தான், அதிலேதான் ப்ராசஸரும் கார்டும் பங்கு போட வேண்டும். எஸ்எம்பிஎஸ்களுக்கான வழக்கமான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் என்பது 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. கேம் ஓடும்போது கார்டு கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் ஊரில் இருந்தால் அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மோலெக்ஸிலிருந்து (பழைய 4 பின் கனெக்டர்) 6 பின்னாக மாற்றும் ஜம்பர் ஒயர் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றி எறியுங்கள், சூடாகி உருகும். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் இரண்டு தனித்தனிக் கேபிள் கொடுங்கள், ஒரே கேபிளின் இரண்டு தலையைச் செருகாதீர்கள்.

அறிகுறியை வைத்தும் ஓரளவு பிரிக்கலாம். கட்டமும் முக்கோணமும் வந்து கேம் தொடர்ந்து ஓடினால் மெமரி அல்லது சூடு பக்கம் பாருங்கள். படம் எதுவும் உடையாமல் திடீரென்று திரை கறுத்து ஃபேன் முழு வேகத்தில் கத்தினாலோ, மொத்தக் கம்ப்யூட்டரும் சட்டென்று அணைந்து ஏறினாலோ, எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை போன்ற பக்கங்களில் விவசாய மோட்டார்கள் ஒன்றாக ஓடும் நேரத்தில் லைட் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. மலிவானவை பல 200 முதல் 240 வரைதான், 170க்கு இறங்கினால் தடுமாறும். உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். படம் உடைவது சாயங்காலம் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும்தானா என்று ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். யூபிஎஸ் 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தரும், கேம் ஓடும் கம்ப்யூட்டரோடு மானிட்டரும் சேர்ந்தால் அது போதாமல் போகலாம். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் அதில் கேம் ஆடவே வேண்டாம்.

எர்த் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் இது ரொம்ப முக்கியம். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? டெஸ்டர் வைத்தால் மினுங்குகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கரன்ட் எப்போதும் பாடிக்கு வரும், எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும், இல்லாவிட்டால் தகரத்திலேயே நிற்கும். அந்த நிலையில் ஆனில் வைத்தே ஹெச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகினால் போர்ட் போய்விடும் வாய்ப்பு உண்டு. நம் பாறை பூமியில் கோடை வந்தால் எர்த் குழி காய்ந்துவிடும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்து, தேவையானால் உப்பும் கரியும் போட்டுக் குழியைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள், வெயில் காலத்தில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் செருகுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

கார்டைத் தொட்டுச் சோதிப்பது

இவ்வளவும் பார்த்த பிறகும் போகவில்லை என்றால், இப்போது கார்டு மேல் சந்தேகப்படலாம். ஆஃப்டர்பர்னரில் மெமரி க்ளாக்கை (வேகத்தை) முதலில் 200 மெகாஹெர்ட்ஸ், பிறகு 500 வரை படிப்படியாகக் குறைத்து அதே கேமை அதே இடத்தில் ஆடுங்கள். கட்டங்கள் மறைந்தால் மெமரி சிப்புதான் பலவீனம். மெமரியைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து கோர் க்ளாக்கை 100 குறையுங்கள். இப்போது மறைந்தால் கோர் பக்கம். பவர் லிமிட்டை 70, 75 சதவீதத்துக்கு இறக்கும்போது மட்டும் சரியாகிறது என்றால் சூடு, எஸ்எம்பிஎஸ் இரண்டையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஓசிசிடி என்ற மென்பொருளில் வீடியோ மெமரிக்கென்று தனிச் சோதனை இருக்கிறது, பிழைகளை எண்ணிக் காட்டும். ஓவர்க்ளாக் எதுவும் இல்லாத நிலையில் ஒரு பிழைகூட வரக் கூடாது. மெம்டெஸ்ட் வல்கன் என்பதும் இதே வேலையைச் செய்யும் சின்ன இலவச மென்பொருள். ஃபர்மார்க் கார்டை முழு வெப்பத்துக்குக் கொண்டுபோகும், பத்து நிமிடம் போதும், பக்கத்திலேயே உட்கார்ந்து எண்களைப் பாருங்கள், மட்டமான எஸ்எம்பிஎஸ் இருந்தால் அதை ஓட்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை, உங்கள் கார்டை நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அவருடையதை உங்களுடையதிலும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான். கோளாறு கார்டோடு போகிறதா, உங்கள் வீட்டிலேயே தங்குகிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்புவதைவிட இது மேல்.

கார்டுதான் என்று உறுதியானால்

வாரன்ட்டி இருந்தால் எதையும் திறக்காமல் அனுப்புங்கள். இல்லையென்றால், க்ளாக்கைக் குறைத்து, ஃப்ரேமை (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையை) 60க்குக் கட்டி, இருக்கும்வரை ஓட்டலாம், சில கார்டுகள் இப்படியே ரொம்ப நாள் வரும். ஃப்ரேம் கட்டுவது நல்ல கார்டுக்கும் நல்லது. 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் கேமின் பீட்டாவில், மெனு திரையில் ஃப்ரேம் எல்லையில்லாமல் ஏறியதில் சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தன. தன் கார்டுகளில் சால்டரிங் குறை இருந்ததைக் கார்டு தயாரிக்கும் இவிஜிஏ நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது, ஆனாலும் சுமை ஏறியபோதுதான் குறை வெளியே வந்தது.

கார்டை சமையல் ஓவனில் வைத்துச் சுடுவது, ஹீட் கன்னால் காட்டுவது, இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம், என்விடியாவின் சில பழைய சிப்புகளில் சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் இடையே இருந்த நுண்ணிய ஒட்டுகள் சூடு ஏறி இறங்கி வெடித்தது. 2008 ஜூலையில் அதற்காக அந்த நிறுவனம் 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடுபடுத்தினால் அந்த வெடிப்பு கொஞ்ச நாள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பழையபடி. ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், வீட்டு ஓவனில் அது சீராக வராது, அதற்குள் பிளாஸ்டிக்கும் கப்பாசிட்டரும் கெடும். அந்தப் புகை சமையல் செய்யும் பாத்திரத்தில் படியும். கெட்ட மெமரி சிப்பை எத்தனை முறை சுட்டாலும் அது நல்ல சிப்பாகாது. அதைச் சரியாகச் செய்ய பிஜிஏ ரீவொர்க் மெஷின் (சிப்பைக் கழற்றிப் பொருத்தும் கருவி) வைத்து, எந்தச் சிப் கெட்டது என்று கண்டுபிடித்து மாற்றத் தெரிந்தவர் வேண்டும். பெங்களூரிலும் சென்னையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். "சிப் மாத்துவீங்களா, சும்மா சூடு காட்டுவீங்களா" என்று நேராகக் கேளுங்கள். விலை குறைந்த கார்டுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது.

பழைய கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் கவனம். எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங் முறையை (கார்டுகளை ஓட்டி நாணயம் சம்பாதிப்பது) விட்டதும் நிறைய மைனிங் கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றில் மெமரியை அழுத்தி ஓட்ட மாற்றிய கார்டின் சொந்த பயாஸ் அப்படியே இருக்கும், கேமில் கட்டம் வரும். கம்பெனி பயாஸைத் திரும்ப ஏற்றினால் சில நேரம் சரியாகிவிடும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்டும்படி பயாஸ் மாற்றிய பழைய கார்டுகளும் விற்கிறார்கள். ஜிபியூ-இசட் மென்பொருள் 2018 முதல் இப்படிப்பட்ட போலிகளைப் பெயருக்கு முன்னாலேயே குறித்துக் காட்டுகிறது. விற்பவர் முன்னாலேயே அதைத் திறந்து பார்த்து, அரை மணி நேரம் கேமும், ஒரு சுற்று மெமரி சோதனையும் ஓட்டிவிட்டுத்தான் காசைக் கொடுங்கள்.

வாரன்ட்டிக்கு அனுப்புகிறவர்கள் அனுப்பும் முன்பே கட்டங்கள் தெரியும் வீடியோவை ஃபோனில் எடுத்து, அதில் சீரியல் எண் ஸ்டிக்கரையும் ஒருமுறை காட்டிவிடுங்கள், "இங்கே ஓட்டிப் பார்த்தோம், கோளாறு வரவில்லை" என்று திரும்பி வந்தால் அது உதவும். எவ்வளவு நேரம் ஓடிய பிறகு வருகிறது, எந்தக் கேமில், எத்தனை டிகிரியில் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பில்லின் நகல் போதும், அசலைக் கொடுக்காதீர்கள். கார்டைச் சாதாரணப் பாலித்தீன் பையில் போடாமல் அது வந்த ஆன்டிஸ்டேடிக் கவரில் போட்டு, சுற்றி நான்கு பக்கமும் ஃபோம் வைத்து, அட்டைப் பெட்டிக்குள் இன்னொரு அட்டைப் பெட்டியாக அனுப்புங்கள். பஸ் பார்சலில் மேலே என்ன மூட்டை விழும் என்று சொல்ல முடியாது.